குவைத்தில் அப்பா சுட்ட பீச் காப்ளர்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்திருந்து, இலையில் சாப்பிட்டு, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் சார்பிலும் என் சார்பிலும் வணக்கம். இதுபோன்ற மலர்களில் குலப்பெருமையும் கண்ணீரும் நிறைய இருக்கும். இதில் மைதாவும் வெண்ணெயும்தான் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அழுகைக்கு முன்னால் வாய்தான் வரும் என்பது உங்களில் பலருக்கும் தெரிந்த விஷயம்.

அப்பா தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர். வீட்டில் சைக்கிள் கடை வருமானம் மட்டுமே. பள்ளியை முடித்து, ஐ.டி.ஐ. படித்து, முந்திரி ஆலை ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களில் ஒருவரைக்கூட மரியாதை குறைத்துக் கூப்பிடாதவர் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். நர்சிங் படித்திருந்த அம்மாவை மணந்தார். எனக்கு நாலு வயதானபோது ஆலையை மூடிவிட்டார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்த மாதிரி அதே வருடம் வீட்டுக் கூரையும் மழையில் சரிந்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குக் குவைத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை வந்தது.

போவதா வேண்டாமா என்று குடும்பமே கூடிப் பேசியது. "பொம்பளையை அனுப்பிட்டு ஆம்பளை வீட்டுல இருந்து சோறு பொங்குவானா?" என்று பெரியப்பா கேட்டார். நினைவு நாளில் பெரியப்பா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அப்பா அம்மாவைப் பார்த்து, "நீ போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அதுவரை அப்பா வெந்நீர்கூட வைத்ததில்லை. முதல் ஒரு மாதம் எங்கள் வீட்டுச் சோற்றைக் காக்கையும் யோசித்துத்தான் தின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். புட்டுக்கு மாவு நனைப்பதைப் பக்கத்து வீடுகளில் போய் நின்று பார்த்தார். தீயல் குழம்புக்கு வறுக்கும் தேங்காயை எந்த நிறத்தில் இறக்க வேண்டும் என்று மூன்று பேரிடம் கேட்டு, மூன்றும் சரியில்லை என்று நாலாவதாகத் தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் இருவருக்கும் விசா வந்தது. அப்போது அப்பாவின் அவியலுக்கு ஊரில் ஆள் இருந்தது.

குவைத்தில் நாங்கள் இருந்தது அப்பாசியா. நம்மவர்களும் மலையாளிகளும் நெருக்கியடித்துக் குடியிருக்கும் இடம். கீழே இறங்கினால் மளிகைக் கடை, இரண்டு தெரு தள்ளி பள்ளிக்கூடம். அப்பாவுக்குக் கிடைத்தது குடும்ப விசா, அதில் வேலைக்குப் போகக் கூடாது. அந்தக் கட்டடத்தில் நர்ஸ்களின் கணவன்மார் பல பேர் அப்படித்தான் இருந்தார்கள். மனைவியைக் காரில் கொண்டுவிட்டு, திரும்பக் கூட்டிவந்து, நடுவில் சீட்டாடிப் பொழுதைக் கழிப்பார்கள். சிலருக்கு அது பெரிய மனக்குறை. அப்பா சீட்டுக்குப் போகவில்லை, சமையலறைக்குப் போனார். அம்மாவுக்கு மூன்று ஷிப்ட் டூட்டி. எந்த டூட்டி முடிந்து வந்தாலும் கதவைத் திறந்தவுடன் சூடாகச் சாப்பாடு இருக்கும்.

இப்போது பெருமையாக எழுதுகிறேன். அப்போது எனக்கு அது வெட்கமாக இருந்தது. நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாயிரத்து நாலு வாக்கில். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் டை கட்டி ஆபீசுக்குப் போவார்கள். எங்கள் அப்பா தோளில் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு சின்ன உள்ளி உரிப்பார். என் டிபன் பாக்ஸை வாங்கித் தின்றவர்கள், "உங்க அம்மா சூப்பரா சமைக்கிறாங்க" என்பார்கள். நான் தலையை ஆட்டிக்கொள்வேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால், ஒரு கம்பெனியில் இருக்கிறார் என்பேன். எந்தக் கம்பெனி என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் பள்ளியில் உணவுத் திருவிழா என்று ஒன்றை அறிவித்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாடு. எங்களுக்குச் சீட்டுக் குலுக்கலில் அமெரிக்கா விழுந்தது. வீட்டில் செய்துதான் கொண்டுவர வேண்டும், செய்தவரே மேசையில் நின்று பரிமாற வேண்டும், அதுதான் விதி. யார் என்ன கொண்டுவருவீர்கள் என்று வகுப்பு டீச்சர் கேட்டார். பர்கர், சிப்ஸ், கேக் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் அப்போதுதான் நூலகத்தில் ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்திருந்தேன். அதில் ஒரு பெண்ணின் அம்மா ஓவனிலிருந்து பீச் காப்ளரை எடுத்து மேசையில் வைப்பாள், எல்லாரும் ஓடிவருவார்கள். நான் கையைத் தூக்கினேன். "என் அம்மா பீச் காப்ளர் செய்வாங்க" என்றேன்.

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் மகிழ்ச்சியாக அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து படியேறும்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது. அம்மாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அம்மா ரசம் வைத்தே வருடக்கணக்காகிவிட்டது. அதைக் கொண்டு போகாவிட்டால் வகுப்பில் நான் பொய்க்காரி.

அம்மாவிடம் சொன்னேன். யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தவர், "நானா? எனக்கு அன்னைக்கு டூட்டி. லீவும் கிடைக்காது" என்றார். அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அது என்ன சாதனம் மக்களே?"

"பீச் பழத்துக்கு மேல மாவு போட்டு ஓவன்ல வைக்கது."

"டீச்சர்ட்ட யாரு செய்வான்னு சொன்ன?"

தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மான்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அப்பா தோர்த்தில் கையைத் துடைத்துக்கொண்டார். "செரி. அம்மான்னா அம்மா. எப்பம் வேணும்?" என்று கேட்டார்.

ஒரு வாரம் இருந்தது. மறுநாள் இன்டர்நெட் கடையில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்தேன். அப்பா அதை மூன்று முறை படித்தார். முதலில் பீச் பழம் தேடிப் போனார். கீழே மளிகைக் கடைக்காரர், "மாஃபி, மாஃபி, சீசன் கலாஸ்" என்று அரபியில் இல்லை, முடிந்துவிட்டது எனக் கையை விரித்துவிட்டார். கடைசியில் கூட்டுறவுக் கடையில் பாகில் போட்ட டின்தான் கிடைத்தது. அதை அப்பா வீட்டில் வெட்டித் திறந்து, ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். "மாம்பழத்துக்கும் கொய்யாவுக்கும் ஒண்ணுவிட்ட சொந்தம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்தது ஓவன். எங்கள் வீட்டுக் கேஸ் அடுப்புக்குக் கீழே ஓவன் இருந்தது. வந்ததிலிருந்து ஒரு நாளும் அதைப் பற்றவைத்ததில்லை. அப்பாசியாவில் நம்மவர் வீடுகளில் ஓவன் என்றால் பாத்திர அலமாரி என்றுதான் பொருள். எங்கள் ஓவனுக்குள் புட்டுக்குழல், பணியாரக்கல், இரண்டு சருவம், ஒரு தோசைக்கல் எல்லாம் குடியிருந்தன. அப்பா ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினார். உள்ளே துடைத்தார். தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்துவிட்டு மாவைப் பிசையப் போனார்.

பத்து நிமிடத்தில் வீடு முழுக்கப் புகை. மேல்தட்டின் கடைசி மூலையில் பப்படம் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று ஒளிந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அது உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர் பிளாட்டில் இருந்த மலையாளச் சேச்சி, அம்மாவோடு வேலை பார்க்கும் நர்ஸ், ஈரத்துணியோடு ஓடிவந்தார். "எந்து பற்றி சேட்டா?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறிக் கத்தினார்.

அப்பா இருமிக்கொண்டே, "ஒண்ணும் இல்ல, பப்படம் சுட்டேன்" என்றார்.

சேச்சி ஜன்னலைத் திறந்துவிட்டு, நின்று சிரித்தார். பிறகு சந்தேகம் வந்து தன் வீட்டுக்கு ஓடித் தன் ஓவனைத் திறந்து பார்த்தார். அங்கேயும் ஒரு டப்பா இருந்தது.

அன்று முழுக்க அப்பா உருகிய பிளாஸ்டிக்கைக் கத்தியால் சுரண்டினார். மறுநாள் இரண்டாவது முயற்சி. ஓவன் திருகில் இருந்த எண்கள் தேய்ந்து போயிருந்தன, எது எத்தனை டிகிரி என்று தெரியாது. ஒரு தட்டில் மைதாவைத் தூவி உள்ளே வைத்து, அது பழுப்பாக எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து, திருகில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார். என் வயதுக்கு அதெல்லாம் கோமாளித்தனமாகத் தெரிந்தது. இன்று நினைத்தால் ஐ.டி.ஐ. படித்த மனிதர் வேறு எப்படிச் செய்வார் என்று தோன்றுகிறது.

காகிதத்தில் பேக்கிங் பவுடர் என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஆப்ப சோடா. இரண்டும் வெள்ளைப் பொடி, இரண்டும் பொங்க வைக்கும். அப்பா காகிதத்தில் சொன்ன அளவை அப்படியே சோடாவில் போட்டுவிட்டார். வெளியே வந்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது. வாயில் வைத்தால் சலவை சோப்புக் கட்டி. கீழே பாகு வேறு குளம் கட்டி நின்றது. நான் அழுதுகொண்டே, "முடியாதுன்னா முதல்லயே சொல்லிருக்கலாம்லா. இப்பம் நான் ஸ்கூலுக்கு எப்படிப் போவேன்?" என்று கத்தினேன்.

அப்பா தன் பங்கை ஒரு கரண்டி விடாமல் தின்று முடித்தார். "கெட்டது எதனால கெட்டுதுன்னு தின்னாத்தான தெரியும்" என்றார்.

அம்மா மறுநாள் வார்டில் ஒரு பிலிப்பினோ நர்ஸிடம் நடந்ததைச் சொல்லி, சின்ன டின்னில் பேக்கிங் பவுடர் வாங்கிவந்தார். "சோடா வேற, இது வேறயாம். அவ அரை மணி நேரம் சிரிச்சா" என்று கொடுத்தார்.

மூன்றாவது முயற்சியில்தான் அப்பாவுக்கு அந்தப் பலகாரம் பிடிபட்டது. குளிர்ந்த வெண்ணெயை மாவில் போட்டு, விரல் நுனியால் உதிரி உதிரியாக வரும்வரை தேய்க்க வேண்டும் என்று காகிதம் சொன்னது. அப்பா தேய்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஒரு பிடி மாவை எடுத்து உள்ளங்கையில் இறுக்கினார், கொழுக்கட்டையாக நின்றது. பெருவிரலால் ஒரு தட்டு தட்டினார், பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது புட்டு மாவுல்லா" என்றார். "பிடிச்சா நிக்கணும், தட்டுனா உதிரணும். இதத்தான் இவ்வளவு இங்கிலீசுல எழுதி வச்சிருக்கானா?"

அதற்குப் பிறகு அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. பாலைக் கடகடவென்று ஊற்றாமல் புட்டுக்குத் தண்ணீர் தெளிப்பது போல் தெளித்தார். பீச் துண்டுகளை வடிகட்டி, பாகில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் போட்டுச் சுண்ட வைத்தார். மேலே மாவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். முக்கால் மணி நேரத்தில் வந்த வாசனைக்குச் சேச்சி தானாகக் கதவைத் தட்டினார். காலையில் டூட்டி முடிந்து வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கிண்ணத்தைக் காலி செய்தார். ஊரில் எந்தப் பாராட்டுக்கும் அசையாத அப்பா, அன்று அம்மா தின்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விழாவன்று விடியும் முன்னே வேலையைத் தொடங்கி, எங்கள் ஓவனில் இரண்டு தட்டும், சேச்சியின் ஓவனைக் காலி செய்து அதில் இரண்டு தட்டும் சுட்டார். தோர்த்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். சலவைச் சட்டை போட்டு, தலையை வழித்துச் சீவிக்கொண்டு என்னோடு நடந்தார். "பரிமாறத்தானே ஆள் வேணும், அம்மாவுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்னு சொல்லிக்கிடலாம்" என்று அவரே வழியில் சொன்னார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

மேசையில் எல்லாப் பலகாரத்துக்கும் முன்னால் ஒரு அட்டை வைக்க வேண்டும். என் அட்டையை முந்தின நாளே அழகாக எழுதி வைத்திருந்தேன். பீச் காப்ளர் என்று பெரிதாக, அதற்குக் கீழே செய்தவர் என்று அம்மாவின் பெயர். அப்பா தட்டுகளை இறக்கி வைத்துவிட்டு அந்த அட்டையைப் படித்தார். அது கொஞ்சம் சரிந்திருந்தது. நேராக நிமிர்த்தி, எல்லாருக்கும் தெரியும்படி முன்னால் தள்ளி வைத்தார்.

கூட்டம் வந்தது. எங்கள் பள்ளியில் முட்டை சாப்பிடாத குடும்பங்கள் நிறைய. பக்கத்தில் இருந்த கேக்குகள் எல்லாவற்றிலும் முட்டை. ஒவ்வொரு மேசையாக, "எக் இருக்கா?" என்று கேட்டுவந்தவர்கள் எங்கள் மேசையில் நின்றார்கள். "முட்டை மாஃபி, தைரியமா சாப்பிடுங்க" என்று அப்பா ஒவ்வொரு காகிதக் கிண்ணமாக நீட்டினார். ஒரு முறை வாங்கியவர்கள் மறுமுறை பிள்ளைகளை அனுப்பினார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று.

வேறு வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா, சென்னைக்காரர், மேல் மாவு எப்படி இவ்வளவு மொறுமொறுப்பாக வந்தது என்று கேட்டார். அப்பா தன்னை மறந்து சொல்லத் தொடங்கிவிட்டார். வெண்ணெய் உருகக் கூடாது, கை சூடாக இருந்தால் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும் என்று விரலை ஆட்டி ஆட்டி விளக்கினார். அந்த அம்மா பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், இவ்ளோ விலாவாரியா சொல்றீங்க. வீட்ல நீங்கதான் சமையலா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பெரிய கெடுதலான சிரிப்பு அல்ல, ஆனாலும் சிரிப்புத்தான். அப்பா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ.

"அய்யோ, இல்லைங்க" என்றார். "அவ செய்யும்போது பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான்."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆலை மூடியபோது பட்டினியாக இருந்த நாளில்கூட, சாப்பிட்டுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாத மனிதர். ஒரு வாரமாகப் புகையில் இருமி, சோப்புக் கட்டியைத் தின்று, கைகளைச் சுட்டுக்கொண்டு செய்த வேலையை, நான் எழுதிய ஓர் அட்டைக்காக இல்லை என்கிறார். அடுத்த நொடி என் வாய் திறந்துகொண்டது.

"அப்பாதான் செய்தாங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, பக்கத்து மேசையும் திரும்பியது. "எங்க வீட்டுல எப்பவும் அப்பாதான் சமையல். என் டிபன் பாக்ஸ்ல இருக்கதும் அப்பா செய்யதுதான். அம்மாவுக்கு அந்த ஓவனை எப்படிப் பத்தவைக்கதுன்னே தெரியாது. நான்தான் பொய் சொன்னேன்."

டீச்சர் வந்து அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மேசையிலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். "தப்பா எழுதுனதைத் திருத்து" என்றார். நான் அம்மாவின் பெயரை அடித்துவிட்டு அப்பாவின் பெயரை எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது.

சென்னைக்கார அம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது. அவர் எழுதிக்கொள்ளக் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "சாரி சார். அப்ப நீங்களே சொல்லுங்க, எனக்கு மாவு ஏன் எப்பவும் கல்லு மாதிரி வருது?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "புட்டு அவிப்பீங்களா?" என்று தொடங்கினார். அவ்வளவுதான். ஆலையில் ஒரு ஷிப்ட்டையே நடத்தியவர் பல வருடம் கழித்துத் தன் ஆட்களிடம் திரும்பி வந்தார். ஆறேழு பேர் மேசையைச் சுற்றி நின்று எழுதிக்கொண்டார்கள், அதில் இரண்டு பேர் டை கட்டிய அப்பாக்கள். நாலு தட்டும் மற்ற எல்லாப் பலகாரத்துக்கும் முன்னால் காலியாயின. பிரின்சிபால் மேடம் ஒரு கிண்ணம் கேட்டு ஆள் அனுப்பியபோது, அப்பா தட்டின் ஓரங்களைச் சுரண்டி அனுப்பினார். எங்கள் மேசைக்கு முதல் பரிசு. மேடையில் எங்கள் வகுப்பைக் கூப்பிட்டபோது பிள்ளைகள் அப்பாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தோளில் தோர்த்தோடு மேடையில் நின்ற ஒரே மனிதர் எங்கள் அப்பாதான்.

திரும்பி நடக்கும்போது காலித் தட்டுகள் பெட்டிக்குள் சத்தமிட்டன. "அப்பா, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு?" என்றார். "உங்க அம்மைக்கு ஓவன் பத்தவைக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தண்டோரா போட்டியே, அவகிட்ட கேளு மன்னிப்பு."

அன்று மாலை டூட்டி முடிந்து வந்த அம்மாவிடம் அப்பா பரிசைப் பற்றிப் பேசவே இல்லையாம். "பிள்ள என் பேர எழுதிட்டா" என்று மட்டும் சொன்னாராம். இதை அம்மா எனக்குச் சொன்னது போன வருடம், எல்லாம் முடிந்த பிறகு. அந்த ஒரு வாரம் முழுக்க அவருக்கு எது வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிய இத்தனை வருடமாயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தில் நடந்தது ஒரு படையெடுப்பு. அப்பா ஒவ்வொரு பிளாட்டாகப் போய் ஓவனைத் திறந்து பாத்திரங்களை வெளியேற்றினார். சீட்டாடிக்கொண்டிருந்த நர்ஸ் கணவன்மாரில் நாலு பேர் சீட்டை விட்டுவிட்டு மாவு தேய்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் பின்னால் ஊரில் பேக்கரி திறந்து, இன்றும் ஓணத்துக்கு எங்களுக்குக் கேக் அனுப்புகிறார். நானும் மாறினேன். வீட்டுக்குத் தோழிகளைக் கூட்டிவர ஆரம்பித்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவா வந்தார்கள், அப்பாவைப் பார்க்க வந்தார்கள்.

பதிமூன்று வருடம் கழித்து, அம்மாவின் பணி முடிந்ததும் ஊருக்குத் திரும்பி நாகர்கோவிலில் வீடு கட்டினார்கள். இங்கே பீச் கிடைக்காது. அப்பா கவலைப்படவில்லை, செங்கவருக்கை மாம்பழத்தில் செய்தார். புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வந்த பெரியப்பா ஒரு கிண்ணம் சாப்பிட்டார். கிண்ணத்தை மறுபடி நீட்டினார். மூன்றாவது தடவை நீட்டியபோது அப்பா, "அண்ணே, ஆம்பள பொங்குனது, செமிக்குமா?" என்று கேட்டார். பெரியப்பா அன்று சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உப்பு கூடாது, பழம் கூடாது, தண்ணீரும் அளந்துதான். சமைக்கத் தெம்பில்லாமல் ஆனபோது, கட்டிலைச் சமையலறைக் கதவுக்கு நேராகப் போடச் சொன்னார். அங்கே படுத்துக்கொண்டு அம்மாவுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல் அம்மா தீயல் வைக்கக் கற்றுக்கொண்டார். வாசனையை வைத்தே, "கருகப் போவுது, இறக்கு" என்று கட்டிலில் இருந்து குரல் வரும். இறப்பதற்கு முந்தின வாரம் அம்மா வைத்த அவியலை ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "இனி எனக்குப் பயமில்ல, நீ பிழைச்சுக்கிடுவ" என்றார்.

அந்த நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டயாலிசிஸ் பிரிவில் அப்பாவை ஊசி வலி தெரியாமல் சிரிக்க வைத்த பிள்ளைகளுக்கு. வாடகை வாங்க மறுத்து விடிகாலையில் வந்து நின்ற ஆட்டோத் தம்பிக்கு. தகவல் கேட்டதும் கோட்டயத்திலிருந்து ரயிலேறி வந்து பதினாறு நாளும் அம்மாவோடு இருந்த எதிர் பிளாட் சேச்சிக்கு. தன் தம்பியின் தலைமாட்டில் கடைசிவரை உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு. வந்து அழுதவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒன்று. இந்த மலரின் முதல் பக்கத்தில் அப்பாவின் படத்துக்குக் கீழே என்ன பணி என்று போடுவது என்று அச்சகத்திலிருந்து போனில் கேட்டார்கள். முந்திரி ஆலை சூப்பர்வைசர் என்று போடலாம் என்றார் ஒரு மாமா. குவைத்தில் பணிபுரிந்தவர் என்று போட்டால் கௌரவமாக இருக்கும் என்றார் இன்னொருவர். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி அச்சகத்துக்காரரிடம் தானே பேசினார்.

"வீட்டுச் சமையல்னு போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க. நான் அத்தனை வருஷம் டூட்டி முடிஞ்சு வந்து, ஒரு நாளும் ஆறுன சோறு தின்னது கிடையாது."

அதுதான் முதல் பக்கத்தில் இருக்கிறது. அச்சுப் பிழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.